பொறிவண்டுப் பாகப்பிரிவினை

ஒண்ணாத்தான் இருக்கும் மேடம். ரெண்டு பருத்திக் காட்டுலயும் பூச்சிக் கணக்கு ஒண்ணாத்தான் இருக்கும். ஒண்ணா இல்லேன்னாத்தான் நீங்க ஜீப்பு எடுத்துக்கிட்டு இம்புட்டு தூரம் வந்து ஏன்னு கேக்கணும். இதுக்கா பாப்பா நேத்துலேர்ந்து சோறு திங்காம மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு இருக்குது? இந்தக் கட்டில்ல உக்காருங்க. மோட்டார் கொட்டாயில நாற்காலியெல்லாம் கிடையாது. கட்டில் ஆடும், ஆனா விழாது. மொதல்ல மோரைக் குடிங்க, சொல்றேன்.

நான் தையல்நாயகி. இந்தக் காடு என்னுது. வரப்புக்கு அந்தப் பக்கம் தெரியுது பாருங்க, அது என் ஓரகத்தி கொளஞ்சியோடது. என் வீட்டுக்காரர் மூத்தவர், அவ வீட்டுக்காரர் இளையவர். நீங்க ஜெசிந்தா பாப்பாவுக்குப் படிப்பு சொல்லித் தர்ற பெரிய மேடம்னு எனக்குத் தெரியும். பாப்பா எங்கிட்ட ஒண்ணு விடாம சொல்லும். போன்ல நீங்க என்ன கேட்டீங்கன்னும் சொல்லிடுச்சு. பி.டி. பருத்திக் காட்டுலயும் சாதாப் பருத்திக் காட்டுலயும் கார்த்திகையிலேர்ந்து பூச்சிக் கணக்கு எப்படி அச்சு அசலா ஒரே மாதிரி வரும், நீ காட்டுக்குப் போனியா இல்ல ரூம்ல உக்காந்துக்கிட்டு நீயே எழுதினியான்னு கேட்டீங்களாம். மத்த ஊருலெல்லாம் வித்தியாசம் தெரியுதாம், இங்க மட்டும் தெரியலையாம். பொய்க் கணக்குன்னு ஆயிட்டா பட்டமே கிடையாதாமே. ராத்திரி பூரா அழுதிருக்குது மேடம் இந்தப் புள்ள.

நீ ஏன் பாப்பா கையைக் காட்டற? சும்மா இரு. நான் பேசிக்கறேன்.

வியாழக்கிழமை தவறாம வந்துச்சு மேடம் இது. மழையில வந்துச்சு. காய்ச்சலோட வந்துச்சு. பஸ்ஸு ஓடாத அன்னிக்கு மக்காச்சோள டிராக்டர்ல ஏறி வந்துச்சு. வந்ததும் மண்டி போட்டு ஒவ்வொரு செடியா கண்ணாடியை வச்சு பாக்கும். இலைக்கு மேல பாக்கும், இலைக்கு அடியில பாக்கும், பூவைப் பிரிச்சுப் பாக்கும். மண்ணுல பிளாஸ்டிக் கிளாசைப் புதைச்சு வச்சு அதுல எது விழுந்து கெடக்குதுன்னு பாக்கும். கோயில்ல மண்டி போட்டுப் படி ஏறறவங்களுக்குக் கூட முட்டி இப்படித் தேஞ்சிருக்காது. பாப்பா, உன் முட்டியைக் காட்டு மேடத்துக்கு. காட்ட மாட்டேங்குது. வெக்கம்.

தூத்துக்குடிப் பொண்ணு மேடம் இது. கடலோரத்துப் பொண்ணு. மொத நாள் வந்தப்ப பருத்திக்கும் வெண்டைக்கும் வித்தியாசம் தெரியாம நின்னுச்சு. நான்தான், இது பருத்தி பாப்பா, அது வெண்டைன்னேன். ரெண்டும் ஒரே குடும்பம் பெரியம்மான்னு சொல்லி என் வாயை அடைச்சுடுச்சு. அன்னையிலேர்ந்து நான் அதுக்குப் பெரியம்மா, கொளஞ்சி சின்னம்மா. டாக்டர் பட்டம் வாங்கப் போகுது. ஊசி போடற டாக்டர் இல்ல, பூச்சி டாக்டர். அது பட்டம் வாங்கற அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு, அப்படியே தூத்துக்குடி போயி கடலையும் பாத்துட்டு வர்றதா இருக்கோம். ஒரே கலர்ல சேலை எடுத்தாச்சு. மாம்பழக் கலர். பார்டர் மட்டும் அவ பெருசா எடுத்துக்கிட்டா, போவுது.

சரி, விசயத்துக்கு வர்றேன்.

பாப்பாவுக்கு ஒரே மண்ணு, ஒரே கிணத்துத் தண்ணி, நடுவுல ஒரு வரப்பு மட்டும் இருக்கற மாதிரி ரெண்டு காடு வேணுமாம். எங்களுதுதான் அமைஞ்சுச்சு. ஒரு பக்கம் பி.டி., ஒரு பக்கம் சாதா. யாருக்கு எதுன்னு சீட்டுக் குலுக்கிப் போட்டுச்சு. எனக்கு பி.டி. வந்துச்சு. ரெண்டு பக்கமும் மருந்து அடிக்கக் கூடாதுன்னு சொல்லிச்சு. அதைக் காப்பாத்தினோம் மேடம், சத்தியமா ஒரு சொட்டு மருந்து படல. என்னத்துக்கு இதெல்லாம்னு கேட்டேன். பொறுமையா சொல்லிச்சு. இந்தச் செடிக்குள்ளயே புழுவுக்கு ஆகாதது இருக்குது பெரியம்மா, காய்ப்புழு கடிச்சா செத்துடும். ஆனா காட்டுல புழு மட்டுமா இருக்குது? புழுவைத் திங்கற வண்டு இருக்குது, சிலந்தி இருக்குது, புழுவோட முட்டையில முட்டை போடற குளவி இருக்குது. புழு இல்லேன்னா அதெல்லாம் என்னத்தைத் திங்கும்? பட்டினி கெடக்குமா, வேற காட்டுக்குப் போவுமா, இல்ல ஒண்ணும் ஆகாம செடிச் சாறு உறிஞ்சற அசுவினியைத் தின்னுக்கிட்டு இங்கயே இருக்குமா? அதைத்தான் எண்ணப் போறேன்னுச்சு.

நல்லாப் புரிஞ்சுது எனக்கு. இது போட்டி. எந்தக் காடு சுத்தம்னு பாக்க வருது. அப்படித்தான் புரிஞ்சுது.

நீங்க சிரிக்கறீங்க. இருங்க, இன்னும் இருக்குது.

கொளஞ்சிக்கும் எனக்கும் அப்ப பேச்சு கிடையாது. எட்டு வருசம். ஏன்னா பாகம் பிரிச்சோமில்ல. எங்க மாமனார் செத்த கையோட எல்லாத்தையும் சரிபாதியாப் பிரிச்சோம். காடு பாதி பாதி. கிணறு ஒரு நாள் எனக்கு, ஒரு நாள் அவளுக்கு. மாடு எனக்கு, கன்னு அவளுக்கு. வீட்டுக்கு நடுவுல செவுரு. எல்லாம் மரியாதையாத்தான் போச்சு. கடைசியா அம்மிக்கல்லு வந்துச்சு. ஒரே ஒரு அம்மி. அதை எப்படிப் பிரிக்கறது? நான் விட்டுக்குடுப்பேனா? அவ விடுவாளா? பஞ்சாயத்துல அம்மி எனக்கு, குழவி அவளுக்குன்னு பிரிச்சுட்டாங்க. கல்லு இங்க, குழவி அங்க. ரெண்டு பேரும் சட்னி அரைக்க முடியாம போயி மிக்ஸி வாங்கினோம். அன்னையிலேர்ந்து மூஞ்சியைப் பாக்கறது இல்ல. தண்ணி மொறை மாறினாக்கூட ஆளை விட்டுத்தான் சொல்லி அனுப்பறது. அவ மொறைச்சா நான் துப்புவேன், நான் துப்பினா அவ மொறைப்பா. அவதான் மொதல்ல மொறைச்சது.

அப்படி இருக்கையில போட்டின்னா நான் விடுவேனா. விருந்தாளி வர்ற வீட்டைப் பெருக்காம வைப்பாங்களா? புதன்கிழமை சாயங்காலம் விளக்குமாத்தையும் முறத்தையும் எடுத்துக்கிட்டு காட்டுக்குள்ள எறங்கினேன். செடி செடியா மெதுவாத் தட்டினேன். வண்டு, சிலந்தி, தத்துப்பூச்சி எல்லாம் பொலபொலன்னு முறத்துல விழுந்துச்சு. அதையெல்லாம் அள்ளி வரப்புக்கு அந்தப் பக்கம் கொட்டினேன். அவ காட்டுல. வேற எங்க கொட்டறது? மறுநாள் பாப்பா வர்றப்ப என் காடு துடைச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. எனக்கு ஒரே பெருமை. பெரியம்மா காட்டுல ஒண்ணுமே இல்லேன்னு பாப்பா சொல்லிச்சு. நான் தலையைத் தலையை ஆட்டினேன்.

அப்புறம் அந்தப் பக்கம் போச்சு மேடம். போன கொஞ்ச நேரத்துல ஒரு கத்து கத்துச்சு பாருங்க. பாம்பு கீம்பு புடுங்கிடுச்சோன்னு நான் வரப்பு வரைக்கும் ஓடினேன். பாம்பும் இல்ல ஒண்ணும் இல்ல. இது செடிக்கு நடுவுல குதிக்குது. எத்தனை சிலந்தி, எத்தனை பொறிவண்டு, சின்னம்மா உங்க காடு அருமையா இருக்குதுங்குது. கொளஞ்சிக்குக் கை குடுக்குது. கை குடுத்துக் குலுக்குது. கொளஞ்சி எட்டி என்னைப் பாத்தா. வாயெல்லாம் பல்லு.

அத்தனையும் என் காட்டுப் பூச்சி. நான் வளத்த பூச்சி. என் செடியில சாறு குடிச்சு வளந்ததெல்லாம் அவ பேருக்குப் போவுது. அன்னிக்கு சாயங்காலமே அவ டீக்கடை வாசல்ல நின்னு, எங்க காட்டுலதான் பூச்சி ஜாஸ்தி, பாப்பா எனக்குக் கை குடுத்துச்சுன்னு ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லிக்கிட்டு இருந்தா. பூச்சி ஜாஸ்தின்னு பெருமை பேசின மொதப் பொம்பளை இந்தப் பெரம்பலூர் ஜில்லாவுலயே அவளாத்தான் இருப்பா.

ஆக ஜாஸ்தி இருந்தாத்தான் ஜெயிப்பு. அது தெரிஞ்சு போச்சு. அப்புறம் பாப்பாகிட்ட நைசா கேட்டேன், எது பாப்பா நல்ல பூச்சின்னு. செல்போன்ல படம் படமாக் காட்டுச்சு. செவப்பு முதுகுல கறுப்புப் புள்ளி வச்சது பொறிவண்டு, அசுவினியைத் திங்கும். இலை மேல நண்டு மாதிரி உக்காந்திருக்கறது நண்டுச் சிலந்தி. பச்சையா மெலிசா றெக்கை வச்சது கண்ணாடிப் பூச்சி. எல்லாத்தையும் மனசுல ஏத்திக்கிட்டேன். அடுத்த வாரம் விடியறதுக்கு முன்ன எந்திரிச்சேன், தூக்குவாளியை எடுத்துக்கிட்டேன், வரப்பைத் தாண்டினேன்.

திருட்டுன்னு சொல்லாதீங்க மேடம். என் பூச்சியை நான் எடுத்தேன். அடையாளமா வச்சிருக்கு எது யாருதுன்னு? ஒரு குத்துமதிப்பா எடுத்துக்கிட்டேன். அந்த வாரம் பாப்பாவுக்கு என் காட்டுல வாயெல்லாம் சிரிப்பு. எனக்கும் கை குடுத்துச்சு. இந்தக் கையிலதான். அன்னிக்கு இந்தக் கையால பாத்திரம் கழுவல நான்.

கார்த்திகை மாசம், நல்ல பனி. ஒரு வியாழக்கிழமை தூக்குவாளி நெறைய வண்டைப் புடிச்சு, மேல துணியைக் கட்டி, அவ காட்டுலேர்ந்து வரப்பு மேல ஏறறேன். அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு உருவம் ஏறுது. என் காட்டுலேர்ந்து. முக்காடு போட்டிருக்குது. கையில பவுடர் டப்பா. மூடியில ஆணியால ஓட்டை போட்டது. யாருங்கறீங்க? கொளஞ்சி.

நான் அவளைப் பாக்கறேன், அவ என்னைப் பாக்கறா. நான் தூக்குவாளியைப் பின்னால மறைக்கறேன், அவ டப்பாவை மடியில சொருகறா.

"என் காட்டுல உனக்கு என்னாடி வேலை?"ன்னேன்.

"என் காட்டுல உங்களுக்கு என்னாக்கா வேலை?"ன்னா.

எட்டு வருசம் கழிச்சு அக்கான்னா மேடம். அவ வேணும்னு சொல்லல, பயத்துல வாயில வந்துடுச்சு. சொன்னதும் அவளுக்கே தூக்கி வாரிப் போட்டுடுச்சு. டப்பா நழுவிக் கீழ விழுந்து மூடி திறந்துக்கிச்சு. உள்ள இருந்த கண்ணாடிப் பூச்சி, வண்டு எல்லாம் பவுடரோட பவுடரா கெளம்புது. ஒரு வண்டு என் மூக்கு மேல வந்து உக்காந்துச்சு. மூஞ்சி பூரா பவுடர் பூசிக்கிட்டு கல்யாணத்துக்குக் கெளம்பின மாதிரி ஒரு வண்டு. அவ அதைப் பாத்தா. சிரிப்பை அடக்கினா. அடக்க முடியல. நானும் அடக்கினேன். அப்புறம் ரெண்டு பேரும் வரப்புலயே உக்காந்துட்டோம். சிரிச்சு சிரிச்சு எனக்கு மூச்சு முட்டிப் போச்சு. அவளுக்குக் கண்ணுல தண்ணி. அது சிரிச்ச தண்ணியா அழுத தண்ணியான்னு நான் கேக்கல. எனக்கும் வந்துச்சு.

விசாரிச்சா, என் காட்டுல கண்ணாடிப் பூச்சி ஜாஸ்தின்னு பாப்பா ஒரு வாரம் சொல்லிடுச்சாம். அது பொறுக்காம அவளும் அன்னையிலேர்ந்து அள்ளிக்கிட்டுத்தான் போயிருக்கா. நான் அவளுத எடுக்க, அவ என்னுத எடுக்க, எடுத்ததையே திரும்ப எடுக்க, பாவம், அந்த வண்டுங்களுக்கே தான் எந்தக் காட்டு வண்டுன்னு மறந்து போயிருக்கும்.

அன்னிக்குப் பேச ஆரம்பிச்சவங்கதான், இன்னும் நிறுத்தல. எட்டு வருசப் பாக்கி இருக்குதுல்ல. அவ பொண்ணுக்குப் புள்ளை பொறந்தது, என் வீட்டுக்காரருக்குச் சக்கரை வந்தது, எல்லாத்தையும் மொதல்லேர்ந்து சொன்னோம். சொல்லிட்டு, இனிமே இந்தப் பூச்சியால நமக்குள்ள சண்டை வரக் கூடாதுன்னு முடிவு பண்ணினோம். எப்படி முடிவு பண்றது? எங்களுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதானே. பாகம் பிரிச்சோம்.

ஆமா மேடம். சரிபாதி.

மோர் புரையேறிடுச்சா? தலையில தட்டிக்கிங்க. பாப்பா, மேடத்துக்குத் தண்ணி குடு. ஏன் நீ செவுத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கற?

புதன்கிழமை சாயங்காலம் ஆனா ரெண்டு பேரும் அவங்கவங்க காட்டுல புடிச்சதை வரப்புக்குக் கொண்டாந்துடுவோம். புதைச்சு வச்ச கிளாசுல விழுந்து கெடக்கறதையும் விடறதில்ல, அதையும் எடுத்துடுவோம். வண்டுக்கு ஒரு டப்பா, சிலந்திக்கு ஒரு டப்பா. சிலந்தியை ஒண்ணாப் போட்டா ஒண்ணையொண்ணு தின்னுடுது, அதனால அதுக்கு மட்டும் நடுவுல இலை போட்டுப் போட்டு வைக்கணும். சொத்துப் பிரிக்கறப்ப என்ன மொறையோ அதே மொறை. மூத்தவ பிரிக்கணும், இளையவ மொதல்ல எடுக்கணும். நான் பிரிப்பேன், அவ எடுப்பா. பெருசும் சிறுசும் கலந்து நாயமாத்தான் பிரிப்பேன். ஒத்தைப்படையா ஒண்ணு மிச்சம் வந்தா வரப்பு மேல விட்டுடுவோம், அது எந்தப் பக்கம் நடக்குதோ அந்தப் பக்கம். ஒரு நாள் ஒரு சிலந்தி நடக்கவே மாட்டேன்னுடுச்சு. இருட்டற வரைக்கும் உக்காந்து பாத்தோம். கடைசியில கொளஞ்சி, நீங்களே வச்சுக்குங்கக்கான்னு விட்டுக்குடுத்தா. அம்மியில விட்டுக்குடுக்காதவ சிலந்தியில விட்டுக்குடுத்தா மேடம்.

நல்ல பூச்சியை மட்டும் பிரிச்சா நாயமா? கெட்டதையும் பிரிக்கணுமில்ல. அவ காட்டுல சாதாச் செடி, காய்ப்புழு கெடந்துச்சு. என் காட்டுல பேருக்கு ஒண்ணு இல்ல. அவ மட்டும் அதைச் சுமக்கணுமா? பாதியைக் குடுடீன்னு வாங்கிக்கிட்டேன். கொண்டாந்து என் செடியில காய்க்கு ஒண்ணா விட்டேன். இந்தச் செடியைக் கடிச்சா சுருண்டு போயிடும்னு தெரியும். அதனால வியாழக்கிழமை காலையிலதான் விடுவேன், பாப்பா வர்றதுக்குச் சித்த முன்ன. அது பாக்கற வரைக்குமாவது உசுரோட இருக்கணுமில்ல.

என்ன மேடம், எந்திரிச்சுட்டீங்க?

அந்தப் புழுவைப் பாத்துட்டு பாப்பா ஓடியாந்தது எனக்கு ஞாபகம் இருக்குது. பெரியம்மா, பி.டி. செடியில புழு உசுரோட இருக்குது, இந்தச் செடியைத் தின்னும் சாகாத புழுவா மாறிடுச்சு போலருக்கு, இதை உடனே சொல்லணும்னு இங்கேர்ந்தேதான் உங்களுக்குப் போன் போட்டுச்சு. நீங்க கூட ரொம்பச் சந்தோசப்பட்டீங்களாம். எங்கியோ டெல்லிப் பக்கம் மீட்டிங்குல அதைப் பத்திப் பேசினீங்களாமே. நானும் கொளஞ்சியும் அன்னிக்கு எம்புட்டுப் பெருமைப்பட்டோம் தெரியுமா? நம்ம புழு டெல்லிக்குப் போயிடுச்சுன்னு வடை சுட்டுத் தின்னோம்.

அப்புறம் அந்த வெள்ளைப் பொடி. பொறிவண்டு முதுகுல வெள்ளையா ஏதோ பூஞ்சாணம் படிஞ்சிருக்குதுன்னு பாப்பா பயந்துபோயி டப்பாவுல போட்டு உங்க லேபுக்கு அனுப்பிச்சுதில்ல? அது கொளஞ்சி பவுடர். மல்லிகை வாசனை. மோந்து பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும். உங்க லேபுல யாரும் மோந்து பாக்கலையா?

ஆக, இப்பப் புரிஞ்சுதா? ரெண்டு காட்டுக் கணக்கும் ஏன் ஒண்ணா இருக்குதுன்னு? பாப்பா பொய் எழுதல மேடம். ஒரு எழுத்துப் பொய் எழுதல. இருந்ததை இருந்தபடி எண்ணிச்சு. பிரிச்சது நாங்க. பிரிச்சா சரியாப் பிரிப்போம், அது எங்க குடும்ப வழக்கம். வேணும்னா இதை எழுதிக் குடுக்கறேன், ரெண்டு பேரும் கையெழுத்துப் போடறோம். இப்பவாவது பட்டத்தைக் குடுத்துடுங்க.

பாப்பா, நீ ஏன் கீழ உக்காந்துட்ட? எந்திரி, எறும்பு இருக்குது.

என்ன சொன்னீங்க? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.

செல்லாதா?

ஒரு பருவம் பூராவுமா? மொத மழையிலேர்ந்து எண்ணினதெல்லாமா? அது அம்புட்டு முட்டி தேஞ்சு எண்ணினதாச்சே. எண்ணினது தப்பில்லேன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் ஏன் செல்லாது?

புரியுது. புரியுது மேடம். பூச்சி தானா என்ன பண்ணுதுன்னு பாக்கறதுக்குத்தான் வந்துச்சு. எங்க பூச்சி தானா ஒண்ணும் பண்ணல. நாங்க பண்ணினதைத்தான் பாப்பா எண்ணியிருக்குது. அட கடவுளே. புழு இல்லாத காட்டுல அந்தச் சிலந்தி பட்டினி கெடக்குமா கெடக்காதான்னு பாக்க வந்த புள்ளைக்கு, வாராவாரம் சிலந்தியை நாங்களே தூக்கிட்டு வந்து வச்சிருக்கோம். போட்டின்னு நெனச்சுட்டேன். சத்தியமா இது போட்டின்னுதான் நெனச்சேன்.

பாப்பா. இங்க பாரு. அழுவாத. திட்டணும்னா திட்டு. என்ன கேக்கற? ஏன் சொல்லலைன்னு கேக்கறியா? நீ கேக்கலியே பாப்பா. பூச்சியைப் பத்திக் கேட்ட, அசுவினியைப் பத்திக் கேட்ட, எங்க ரெண்டு பேரைப் பத்தி நீ ஒரு நாளும் கேக்கலியே.

சிரிக்குதா அழுவுதான்னு தெரியல இந்தப் புள்ள.

நீங்க அது தலையில கை வச்சு மன்னிச்சுக்கம்மான்னு சொன்னீங்களே, அது போதும் மேடம். பொய்க்காரின்ற பேரு போச்சில்ல. நேத்துலேர்ந்து அதுதான் பாப்பாவை அரிச்சுக்கிட்டு இருந்துச்சு. பட்டம் ஒரு வருசம் தள்ளிப் போவுது, போவட்டும். அவங்கம்மாகிட்ட நான் போன்ல பேசறேன். தப்பு எங்களுதுன்னு சொல்றேன். கடல் எங்கயும் ஓடிப் போயிடாது, சேலையை மடிச்சு வச்சா அதுவும் ஓடிப் போயிடாது.

மறுபடியும் விதைக்கணுமா? விதைக்கறோம். இதே காட்டுலதானே? வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. என்ன பண்ணணும், என்ன பண்ணக் கூடாதுன்னு இந்தத் தடவை தெளிவாச் சொல்லிடுங்க. விளக்குமாறு கூடாது. சரி. தூக்குவாளி கூடாது. பவுடர் டப்பா கூடாது. கிளாசைத் தொடக் கூடாது. வரப்புக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் எதையும் கொண்டுபோகக் கூடாது.

தானா பறந்து போனா? அது போவலாமா. நடந்து போனா? அதுவும் போவலாம். ஆக வண்டு போவலாம், சிலந்தி போவலாம், நாங்க ரெண்டு பேருந்தான் போவக் கூடாது.

இல்ல மேடம், நீங்க அப்படிச் சொல்லல. பூச்சியைத் தொடாம இருந்தாப் போதும், வரப்புல உக்காந்து பேசிக்கிட்டு இருங்கன்னுதான் சொல்றீங்க. உங்க நல்ல மனசு. ஆனா எங்களை உங்களுக்குத் தெரியாது. நாங்க ரெண்டு பேரும் சேந்து உக்காந்தா கை சும்மா இருக்காது. அவ காட்டுல ஒண்ணு ஜாஸ்தியா இருக்கறதைப் பாத்தா எனக்கு ஆகாது, என் காட்டுல இருந்தா அவளுக்கு ஆகாது. இப்ப அன்பு வேற கூடிப் போச்சு, அது இன்னும் மோசம். அவ காட்டுல புழு விழுந்து காயைக் கொடையறதைப் பாத்துக்கிட்டு நான் சும்மா உக்காந்திருப்பேனா? பாதியைக் குடுடீன்னுதான் கேப்பேன். கேட்டா அவ குடுப்பா. மறுபடியும் இந்தப் புள்ளை முட்டியைத் தேச்சுக்கிட்டு எங்க ரெண்டு பேரையும் எண்ணும்.

வேணாம். விதை போட்டதுலேர்ந்து கடைசிப் பருத்தி எடுக்கற வரைக்கும் பேச்சே கிடையாது. நான் வரப்புக்கு இந்தப் பக்கம், அவ அந்தப் பக்கம். மூஞ்சியைத் திருப்பிக்கறோம். எங்களுக்குப் பழக்கம்தானே. எட்டு வருசம் இருந்தோம், ஒரு பருவம் இருக்க மாட்டோமா.

இருந்துடலாம். இருந்துடலாம்னுதான் சொல்றேன். அப்பல்லாம் அவ மேல கோவம் இருந்துச்சு, சுளுவா இருந்துச்சு. இப்ப அது இல்லியே, எப்படின்னு யோசிக்கறேன்.

அதோ வர்றா பாருங்க. சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, கையில தூக்கு. பயப்படாதீங்க, அதுல பூச்சி இல்ல. பெரிய மேடம் வர்றாங்கன்னு காலையிலேர்ந்து பணியாரம் சுட்டா. வரப்புகிட்ட வந்துட்டா. என்னாக்கா, பாப்பாவுக்குப் பட்டம் குடுத்துட்டாங்களான்னு கேக்கறா பாருங்க. நீங்களே சொல்லுங்க மேடம்.

இரு கொளஞ்சி. இரு, அங்கயே நில்லு.

விதை போட இன்னும் ஆறேழு மாசம் இருக்குதில்ல மேடம்? அது வரைக்கும் வரப்பைத் தாண்டலாமில்ல?

ஓடி வாடி கொளஞ்சி. சீக்கிரம் வா.